ஜன்னலோர இடம்

என் வகுப்பில் யாருக்கும் சொந்த இடம் கிடையாது. திங்கட்கிழமை காலை மணி அடித்ததும் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓர் இடம் தள்ளி உட்கார வேண்டும். முதல் பெஞ்சில் இருப்பவர் மெல்ல மெல்லக் கடைசிக்குப் போவார். கடைசியில் இருப்பவர் சுற்றிக்கொண்டு முன்னால் வருவார். மின்விசிறிக்குக் கீழே உட்காரும் பாக்கியமும் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் உட்காரும் தண்டனையும் எல்லாருக்கும் முறைவைத்து வரும். காய்ச்சல், தலைவலி, மூக்கொழுகல், எதற்கும் விலக்கு இல்லை.

காரணம் இருக்கிறது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரையும் குடியிருக்கும் தெருவையும் கேட்டுவிட்டுத்தான் பெஞ்சைக் காட்டுவார்கள். எனக்குக் காட்டியது கடைசி பெஞ்சு. அங்கிருந்து கரும்பலகை தெரியாது. முன்னால் இருப்பவர்களின் சடைதான் தெரியும். கடவுள் முன்னால் முதல் பெஞ்சும் கிடையாது, கடைசி பெஞ்சும் கிடையாது என்று சர்ச்சில் சொன்னபோது, "அப்ப அவரை ஒருநாள் எங்க ஸ்கூலுக்கு வரச் சொல்லுங்கக்கா" என்று ஞாயிறு வகுப்பு அக்காவிடம் கேட்டேன். காதைத் திருகினார். டீச்சர் ஆனதும் அவர் வரட்டும் என்று காத்திருக்காமல் நானே ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பிழைப்புக்காக யாராவது குடிவந்துகொண்டே இருப்பார்கள். ஒரே வகுப்பில் நாலைந்து மொழி, நாலைந்து சாமி. காலையில் பாடம் தொடங்குமுன் கொஞ்ச நேரம் கண்ணை மூடச் சொல்வேன். கழுத்தில் சிலுவை போட்டவள்தான் நான். அதற்காக என் ஜெபத்தை அவர்கள் வாயில் ஊட்ட மாட்டேன். "அவங்கவங்க சாமியை அவங்கவங்க கூப்பிடுங்க. சாமி இல்லாதவங்க மத்தியானச் சாப்பாட்டை நினைச்சுக்கோங்க" என்பேன். எல்லா மதத்துப் பிள்ளைகளும் சாப்பாட்டைத்தான் நினைக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

அதே மாடியில் கணக்கு வாத்தியாரின் வகுப்பும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போனால் அவர் வகுப்பையும் சேர்த்து நான் மேய்ப்பேன். எனக்கு சர்ச் வேலை வந்தால் அவர் என்னுடையதை மேய்ப்பார். "உங்க ஆளுங்களுக்கு வாய் ஜாஸ்தி டீச்சர்" என்பார் அவர். "உங்க ஆளுங்களுக்குக் கணக்கு கம்மி சார்" என்பேன் நான். ஒருவரை ஒருவர் மதம் மாற்றும் எண்ணம் இருவருக்கும் இல்லை. இருக்கிற வேலையே தலைக்குமேல் கிடந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியின் முன்னால் ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள்.

வருஷ நடுவில் சேர்ந்தவள். கூட்டிக்கொண்டு வந்த சித்திக்கு எங்கள் பேச்சு அரைகுறையாகத் தெரியும். இவளுக்கு அதுவும் தெரியாது. அவள் மொழி வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது. அன்று காலியாக இருந்தது ஜன்னலோர இடம். அதைக் காட்டினேன், உட்கார்ந்தாள். முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள், அதன்பிறகு அழவே இல்லை. பரவாயில்லை, பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வந்தது. எல்லாரும் நகர்ந்தார்கள். அவள் மட்டும் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிரித்துச் சொன்னேன், சைகையில் சொன்னேன், குரலை உயர்த்தியும் சொன்னேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் அடிக்கிற டீச்சர் இல்லை. அவளும் அம்மி இல்லை. நகரவில்லை.

வகுப்பில் லாரி டிரைவர் மகள் ஒருத்தி இருந்தாள். எதற்கெடுத்தாலும் நியாயம் கேட்பதால் அவள் பெயரே வக்கீல். அந்த வாரம் ஜன்னலோரம் வரவேண்டியவள் அவள்தான்.

"டீச்சர், இது என் இடம்."

"தெரியும்மா."

"எனக்குக் காய்ச்சல்னு சொன்னப்பகூட நகரச் சொன்னீங்க."

"தெரியும்மா."

"அப்ப அவளுக்கு மட்டும் ஏன் டீச்சர்?"

இதற்குத் தெரியும்மா என்று சொல்ல முடியவில்லை. அந்த ஒரு வாரம் விட்டுக்கொடுக்கச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமையும் அதே கதை. பிள்ளைகள் அவளுக்குப் பிசின் என்று பெயர் வைத்தார்கள். யாராவது அப்படிக் கூப்பிட்டால் திட்டினேன். திட்டத் திட்ட அந்தப் பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமல்போன ஓர் ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையை ஞாயிறு வகுப்பில் உருகி உருகிச் சொல்கிறவள் நான். அந்தத் தொண்ணூற்றொன்பதும் வாயில்லாத ஜீவன்கள். என் ஆடுகள் நேராக வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டன. பெரிய டீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பான்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"புதுப் பிள்ளை மேடம். பாஷை தெரியாது. கொஞ்சம் டைம் கொடுங்க."

"சமத்துவம் சமத்துவம்னு ஊரெல்லாம் பேசினது நீங்க. திங்கட்கிழமை அவ நகரணும். இல்லன்னா கீழே பாலர் வகுப்புல போட்டுருவோம். பாஷை கத்துக்கிட்டு மேலே வரட்டும். அங்க ஜன்னலே இல்ல, பிரச்சினையும் இல்ல."

படியேறி வரும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னது நான் வகுத்த சட்டம்தான் என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

அன்றிலிருந்து அவளைக் கவனித்தேன். இடைவேளை முடிந்து பாடம் தொடங்கிய சற்று நேரத்தில் அவள் முதுகு நிமிரும். பென்சில் நின்றுவிடும். பிறகு கொஞ்ச நேரம் மூச்சுவிடுகிறாளா என்றே தெரியாது. மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் நான் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் மேஜையில் இடித்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. அதன் முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. வகுப்பில் வேறெங்கு உட்கார்ந்தாலும் அந்தத் தொட்டிதான் தெரியும். இந்த இடத்திலிருந்து மட்டும் தொட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு மொட்டைமாடி தெரிந்தது. கொடி கொடியாக வெள்ளைப் படுக்கை விரிப்புகள். நடுவே தலையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு பெண், வாளியை இடுப்பில் வைத்து ஒரு பக்கம் சாய்ந்து நடந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் சித்தியை வாசலில் பிடித்து, மாடியைக் காட்டி, அந்தச் சிவப்புத் துணிக்காரி யார் என்று கேட்டேன்.

"அது அக்கா. இவ அம்மா" என்றாள் சித்தி. "ஆஸ்பத்திரி துணி துவைக்கிற வேலை. காலையில பிள்ளை தூங்குது, அக்கா போறா. ராத்திரி பிள்ளை தூங்குது, அக்கா வர்றா. புது ஆளுக்கு ஞாயிறு லீவு இல்ல. பிள்ளை முழிச்சிருக்கப் பாக்கும். முடியாது. தூங்கிடும்."

"பிள்ளை இங்கேருந்து பாக்குதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

சித்தி என்னையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பிசின் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்திருப்பாள். பிள்ளைகளுக்கு இந்த அறிவை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அன்று வீட்டுக்கு வந்து மகள் கூப்பிடுவாள் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கடல் தாண்டி வேலைக்குப் போய் வெகுகாலமாகிறது. வரேன் வரேன் என்கிறாள், லீவுதான் வரவில்லை. சமைத்துக்கொண்டேதான் பேசுவாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிடுவாள். எனக்குத் தெரிவதெல்லாம் அவள் வீட்டுக் கூரையும் அடிக்கடி வந்துபோகும் ஒரு முழங்கையும்தான்.

"முகத்தைக் காட்டச் சொல்லேன்" என்பார் என் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க. காட்டச் சொன்னா, வேலை இருக்கு அப்புறம் பேசறேன்னு வெச்சிருவா."

அன்றும் முழங்கை வந்தது. சதை கொஞ்சம் வற்றியிருந்தது. சாப்பிடுகிறாளோ இல்லையோ. அந்த முழங்கையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாலும் பார்த்திருப்பேன். நடுவில் யாராவது வந்து, திங்கட்கிழமை ஆகிவிட்டது, போனைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடு என்றால் என்ன செய்திருப்பேன்? கடித்துவைத்திருப்பேன்.

ஆனாலும் வக்கீலின் முகம் போகவில்லை. அவள் கேட்டதும் நியாயம்தான். கடைசி பெஞ்சில் சடைகளை எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி கேட்கவேண்டிய கேள்வியைத்தான் அவள் கேட்டாள்.

திங்கட்கிழமை இடைவேளைவரை யாரையும் நகர்த்தவில்லை. அது முடிந்ததும் பாடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். நகரச் சொல்லும் முன்னால் ஒவ்வொருவராக ஜன்னலருகே கூப்பிட்டு மாடியைக் காட்டினேன். "அதோ, சிவப்புத் துணி. அவங்கதான் இவ அம்மா. வீட்டுல பாக்க முடியாது. இங்கேருந்துதான் பாக்கறா. இப்ப நீங்களே சொல்லுங்க, என்ன செய்யலாம்?"

பாதிப் பேர் அவளே அங்கே இருக்கட்டும் என்றார்கள். பாதிப் பேர் வக்கீலைப் பார்த்தார்கள். வக்கீல் வெகுநேரம் நகத்தைக் கடித்தாள்.

"அவளும் நகரணும் டீச்சர்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது.

"எல்லாரும் நகர்றோம், அவளும் நகரணும். ஆனா அவங்கம்மா மாடிக்கு வந்தா, ஜன்னல்ல இருக்கிறவங்க மேஜையைத் தட்டணும். அவ ஓடி வரணும். பாடம் நடந்தாலும் நீங்க திட்டக் கூடாது. பரீட்சை நடந்தாலும் திட்டக் கூடாது."

நான் இத்தனை காலம் ஜெபித்தும் எனக்குத் தோன்றாத தீர்ப்பு. சரி என்றேன்.

பிசினிடம் இதை எப்படிச் சொல்வது? சைகை எதுவும் எடுபடவில்லை. கடைசியில் வக்கீல் அவளுக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு மாடியையே முறைத்துப் பார்த்தாள். சிவப்புத் துணி தெரிந்ததும் மேஜையைத் தடதடவென்று தட்டி அவளைப் பார்த்துக் கையை நீட்டினாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பிசின் தானே ஓர் இடம் தள்ளி உட்கார்ந்துவிட்டு, தட்டும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். தட்டினாள் வக்கீல். பிசின் பாய்ந்து வந்து ஜன்னலில் ஒட்டிக்கொண்டு தன் மொழியில் ஒரு வார்த்தை சொன்னாள். உலகத்தில் அந்த வார்த்தைக்கு அகராதி தேவையில்லை.

அதற்குப்பிறகு வாரங்கள் நன்றாகவே போயின. ஜன்னலோரம் யார் வந்தாலும் தட்டும் வேலையும் சேர்ந்தே வந்தது. வகுப்பிலேயே பெரிய தூங்குமூஞ்சிகூடத் தன் முறை வந்த வாரம் முழுக்க விழித்திருந்தான். பெரிய டீச்சர் ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பாலர் வகுப்புப் பேச்சை எடுக்காமலே போய்விட்டார். பிசின் எங்கள் பேச்சில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டாள். அதில் இரண்டு கெட்ட வார்த்தை.

பிறகு ஒருநாள் தட்டும் சத்தம் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கொடிகள் வெறுமையாகக் கிடந்தன. மழை இல்லை, மேகமும் இல்லை. அவள் பாதி எழுந்தபடியே உட்கார்ந்திருப்பாள். நான் கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் பட்டென்று இடித்தாலும் திரும்பிப் பார்ப்பாள். என்னால் தாங்கமுடியவில்லை. பள்ளி விட்டதும் தெருவைக் கடந்து சலவைக்கூடத்துக்குப் போனேன்.

கட்டடத்துக்குப் பின்னால் தரையோடு தரையாக ஜன்னல் இல்லாத ஒரு நீண்ட அறை. புதிதாகத் துணி காயவைக்கும் இயந்திரம் ஒன்று வந்து உறுமிக்கொண்டிருந்தது. இனி மாடிக்கு எதற்குப் போக வேண்டும்? அதன் எதிரே சூட்டில் முகம் சிவந்து நின்று அவள் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தில் பார்த்தால் என் மகள் வயதுதான் இருக்கும்.

நான் டீச்சர் என்று சொன்னதும் பயந்துபோனாள். "பிள்ளை தப்பு பண்ணுச்சா?"

"இல்லம்மா. பிள்ளை உங்களைப் பாக்கும். தினமும். எங்க ஜன்னல்லருந்து இந்த மாடி தெரியும்."

சித்தி இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். மடித்த விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தினமுமா?"

"தினமும்."

"நான் அங்க…" அவள் வார்த்தை தேடினாள். "இங்க எல்லாரும் பாப்பாங்க. அங்க யாரும் இல்ல. துணி நடுவுல உக்காந்து நான் அழுவேன் டீச்சர். அதையும் பாத்துச்சா?"

என் ஆண்டவரே, இதை ஏன் என்னிடம் கேட்கிறாள்? பொய் சொல்லக்கூடாது என்று வாராவாரம் சொல்லிக்கொடுக்கிற வாய் இது.

"இல்லம்மா. துணிதான் மறைச்சுக்குமே. நீங்க நடக்கறது மட்டும்தான் தெரியும்" என்றேன்.

பிள்ளை ஏன் சில நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தன் அம்மா விரிப்புகளுக்குள் போய் மறைவாள். வெளியே வரும்வரை இவள் காத்திருப்பாள். அந்த இடத்தை விட்டு எப்படி நகர்வாள்?

"ஒரு தடவை மாடிக்கு வாங்க. சும்மா வந்து நின்னாப் போதும்" என்றேன். "எங்க மாடி ஜன்னல் வரிசையில, இடது பக்கத்துலருந்து ரெண்டாவது."

"சூப்பர்வைசர் விடமாட்டார். பாக்கறேன்." விரலை மடக்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "இடது. ரெண்டு."

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் பிசினிடம் எதுவும் சொல்லவில்லை. ஆசை காட்டி மோசம் செய்யக்கூடாது. ஆனால் என் கண்ணும் ஜன்னல் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் தப்புத் தப்பாக வாசித்தார்கள். நான் சரி, சரி என்றேன்.

இனி வரமாட்டாள் என்று நான் முடிவுகட்டியிருந்த ஒரு காலையில் மேஜை தடதடத்தது. பிசின் அந்த வாரம் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் இருந்தாள். யார் மேலெல்லாம் ஏறி வந்தாள் என்று தெரியாது, ஜன்னலில் இருந்தாள்.

மாடியில் விரிப்பு இல்லை, வாளி இல்லை. சிவப்புத் துணி மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஓரச்சுவர் வரை வந்து எங்கள் கட்டடத்தைப் பார்த்தாள். விரலால் எண்ணினாள். பிறகு கையைத் தூக்கி ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். ஆனால் எங்களைப் பார்த்து இல்லை.

என் மடத்தனம்! உள்ளே நின்று எண்ணினால் எங்கள் ஜன்னல் இடமிருந்து இரண்டாவது. எதிரே நின்று எண்ணினால் அது வலப்பக்கம் போய்விடும். எத்தனையோ வருஷமாகப் பள்ளிக்கூடத்தை உள்ளேயிருந்தே பார்த்துப் பழகிப்போனவள், வெளியே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும் என்று எண்ணிப்பார்க்கவே இல்லை. அவள் கணக்கு வாத்தியார் வகுப்புக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாண்டுகளும் யாரோ ஒரு அக்கா கையசைக்கிறாள் என்று குதித்துக் குதித்து ஆட்டின. அதில் ஒன்று தன் பிள்ளை என்று நினைத்து இவள் இன்னும் வேகமாக ஆட்டினாள்.

பிசின் கத்தினாள். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சத்தம் அந்தப் பக்கம் போகவில்லை. தன் அம்மா வேறு பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

என்னைக் கேட்காமல் வக்கீல் வெளியே ஓடினாள். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், மாடி முழுக்கக் கேட்கும்படி: "உங்களுக்கு இல்லடா! கையைக் கீழே போடுங்க! எங்க ஜன்னலைக் காட்டுங்கடா!"

நான் ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்தி எட்டிப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் வகுப்பு ஜன்னலிலிருந்து சின்னச் சின்னக் கைகளாகக் கம்பிக்கு வெளியே நீண்டன. எல்லாம் எங்கள் பக்கம் காட்டின. அவற்றின் நடுவே சாக்பீஸ் பிடித்த முடியடர்ந்த ஒரு பெரிய கையும் எங்களையே காட்டிக்கொண்டிருந்தது. இடையிலிருந்த வகுப்பிலும் விஷயம் பரவி அங்கிருந்தும் கைகள் வந்தன.

எதிர்மாடியில் அவள் கை அந்தரத்தில் நின்றது. காட்டிய திசையில் ஓரச்சுவரைப் பிடித்தபடியே ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தாள். எங்களுக்கு நேர் எதிரே வந்ததும் நின்றுவிட்டாள். இருவரும் கையசைக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. பார்க்கவே நேரம் போதாது என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வகுப்பில் அப்படி ஓர் அமைதி எந்தக் காலை ஜெபத்திலும் வந்ததில்லை.

கீழேயிருந்து யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்த்தாள். போகுமுன் தன் பிள்ளைக்கு ஒருமுறை கையசைத்தாள். பிறகு, வழி காட்டிய ஜன்னல்கள் ஒன்றையும் விடாமல், ஒவ்வொன்றுக்கும் அதேபோல ஒருமுறை கையசைத்தாள்.

வக்கீல் மூச்சு வாங்க வந்து வாசலில் நின்று, திட்டப்போகிறேனா என்று என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த பலகைதான். எனக்குப் பொறாமையாக இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, வயிறு எரிந்தது. அந்தப் பிள்ளையைப் பார்த்தா, அந்தத் தாயைப் பார்த்தா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.